பழைய ஓட்டு வீட்டுக்குச் சூரிய மானியம்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் எது சரிவரும், எது சரிவராது

பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம் 2024 பிப்ரவரியில் வந்தது. ஒரு கோடி வீடுகள், 75,021 கோடி ரூபாய் ஒதுக்கீடு, 2026-27 நிதியாண்டு வரை காலம். இதைப் பற்றி விளக்குகிறவர்கள் பெரும்பாலும் கான்கிரீட் மொட்டை மாடியை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். கிருஷ்ணகிரி பழையபேட்டை, காவேரிப்பட்டினம், பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, தேன்கனிக்கோட்டை பக்கம் கேட்கிற கேள்வி வேறு. "தாத்தா கட்டின ஓட்டு வீடு. மேல பேனல் போடலாமா? மானியம் வருமா? இல்ல, இடிச்சுட்டு மாடி போட்டாத்தான் உண்டா?"

மானியம் வரும். பேனலும் போடலாம். இடிக்கத் தேவையே இல்லை. ஆனால் இந்த மானியம் பேனலுக்கும், அதன் டி.சி. மின்சாரத்தை வீட்டுக்கான ஏ.சி. மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டருக்கும் மட்டுமே கணக்குப் போட்டுக் கொடுப்பது. அதைத் தாங்கப் போகிற கைமரத்துக்கும் (ஓட்டுக் கூரையில் சரிவாகப் போகும் தாங்குமரம்) சுண்ணாம்புத் தளத்துக்கும் அதில் ஒரு ரூபாய்கூட இல்லை. பழைய வீட்டுக்காரர் செய்கிற தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு விஷயத்தைக் கவனிக்காததால் வருகிறது. கான்கிரீட் வீட்டுக்கு இந்தத் திட்டத்துக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தரலாம். பழைய வீட்டுக்கு மூன்று. குறைகிற ஒன்றரையை வீட்டுக்காரரே முன்யோசனையால் ஈடுகட்ட வேண்டும்.

முதலில் பணக் கணக்கு. முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட் ஒன்றுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000. ஆக 1 கிலோவாட் போட்டால் 30,000, 2 போட்டால் 60,000, 3 போட்டால் 78,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். பேனல்களின் மொத்தத் திறன், இன்வெர்ட்டர் திறன், இரண்டில் எது குறைவோ அதை வைத்துத்தான் மானியம். 540 வாட் பேனல் ஆறு போட்டால் 3.24 கிலோவாட், இன்வெர்ட்டர் 3 கிலோவாட், மானியம் 3க்கு. பேனல் உள்நாட்டு செல்லில் செய்த டி.சி.ஆர். பேனலாக இருக்க வேண்டும். சந்தையில் அதைவிட மலிவாகக் கிடைப்பதைப் போட்டுவிட்டால் மானியம் போயே போச்சு. பேட்டரி மட்டும் வைத்து, ஈ.பி. லைனில் சேராமல் ஓட்டுகிற அமைப்புக்கும் கிடையாது. பணம் வேலை முடிந்து, நெட் மீட்டர் (நாம் வாங்கிய மின்சாரத்தையும் கொடுத்த மின்சாரத்தையும் கணக்கிடும் மீட்டர்) மாட்டி, ஆய்வு முடிந்த பிறகுதான் கணக்கில் வரும். எனவே முழுத் தொகையையும் முதலில் நாம் புரட்ட வேண்டும். 3 கிலோவாட் வரை 2 லட்சம் ரூபாய்க்கு அடமானம் இல்லாத வங்கிக் கடன் உண்டு. வட்டி ரிசர்வ் வங்கியின் ரெப்போ விகிதத்துக்கு மேல் அரை சதவீதம் என்பதால் நகைக் கடனைவிட மலிவு.

இனி, எத்தனை கிலோவாட் போடுவது என்பது. இந்த இடத்தில்தான் ஓட்டு வீட்டுக்காரர்கள் ஏமாறுகிறார்கள். கம்பெனிக்காரர் எடுத்த எடுப்பில் "3 கிலோவாட் போட்டாத்தான் முழு மானியம்" என்பார். முழு மானியம் வரும், உண்மைதான். ஆனால் ஓட்டு வீடு இயல்பிலேயே குளுமையானது. ஏ.சி. இருக்காது. மின்விசிறி, டி.வி., பிரிட்ஜ், கிரைண்டர் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 200 முதல் 300 யூனிட்டுக்குள் அடங்கும். தமிழ்நாட்டில் முதல் 100 யூனிட் இலவசம். 300 யூனிட் ஓடுகிற வீட்டுக்குப் பில் சுமார் 700 ரூபாய்தான் வரும்.

1 கிலோவாட் நம் பக்கத்து வெயிலுக்கு நாளொன்றுக்கு சராசரி 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. 300 யூனிட் வீட்டில் 1 கிலோவாட் போட்டாலே மிச்சம் 60 யூனிட், அது இலவச வரம்புக்குள் அடங்கிவிடும். மிச்சமாவது வருஷத்துக்கு 4,200 ரூபாய். 1 கிலோவாட் அமைப்பு 75,000 ரூபாய் என்று வைத்தால் மானியம் போக 45,000. போட்ட பணம் திரும்ப பத்து, பதினோரு வருஷம். அதே வீட்டில் 3 கிலோவாட் போட்டால் மிச்சமாகும் பணம் அதே 4,200தான், செலவு மட்டும் மூன்று மடங்கு.

600 யூனிட் ஓடுகிற வீடு வேறு கணக்கு. 500ஐத் தாண்டிவிட்டால் குறைந்த விகிதச் சலுகை போய், பில் 2,900 ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கும். அங்கே 2 கிலோவாட் போட்டால் 480 யூனிட் கழிந்து கிட்டத்தட்ட முழுப் பில்லும் குறையும். வருஷத்துக்கு 16,000, 17,000 மிச்சம். ஐந்து வருஷத்தில் போட்டது வந்துவிடும். கூட்டுக் குடும்பம், ஒரே மீட்டர், இரண்டு பிரிட்ஜ், ஓர் ஏ.சி. என்று இருக்கும் பழைய மச்சு வீடுகளுக்கு இது பொருந்தும். 200 யூனிட்டுக்குள் ஓடுகிற வீட்டுக்கு எங்கள் யோசனை ஒன்றுதான்: சூரிய மின்சாரத்தை இப்போதைக்கு விடுங்கள், அந்தப் பணத்தில் கூரையைப் பாருங்கள்.

1 கிலோவாட் போடுகிறவர்கள் ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு பேனலைத் தொடராக இணைத்தால் ஓடும்போது 80, 85 வோல்ட்தான் வரும். சில இன்வெர்ட்டர்கள் 100 வோல்ட்டுக்குக் கீழே விழித்துக்கொள்ளவே மாட்டா. காலையும் மாலையும் உற்பத்தி இருக்காது, மேகம் வந்தால் நின்று நின்று ஓடும். இன்வெர்ட்டரின் தொடக்க மின்னழுத்தம் எவ்வளவு என்று விவரத்தாளில் பார்த்துவிட்டு வாங்குங்கள், அல்லது பேனலுக்கு ஒன்றாக மாட்டும் மைக்ரோ இன்வெர்ட்டர் கேளுங்கள்.

விண்ணப்பம் எளிது. திட்டத்தின் தேசிய இணையதளத்தில் மின் இணைப்பு எண், மின் பில், வங்கிக் கணக்கு கொடுத்துப் பதிவு செய்வது, பட்டியலில் உள்ள கம்பெனியைத் தேர்ந்தெடுப்பது, வேலை முடிந்ததும் படங்களையும் பேனல் வரிசை எண்களையும் ஏற்றுவது, மின்வாரிய ஆய்வு, நெட் மீட்டர், அவ்வளவுதான். 10 கிலோவாட் வரை சாத்தியக்கூறு ஆய்வு இல்லாமலே ஏற்றுக்கொண்டதாகக் கொள்ள வேண்டும் என்று 2024ல் விதி திருத்தியிருக்கிறார்கள். இந்த அளவில் சேவை நன்றாகவே இருக்கிறது.

பழைய வீட்டில் சிக்குவது பெயர். மின் இணைப்பு தாத்தா பெயரில் இருக்கும், அவர் காலமாகி இருபது வருஷம் ஆகியிருக்கும். பில் பெயரும் விண்ணப்பதாரர் பெயரும் வங்கிக் கணக்குப் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் கடைசிக் கட்டத்தில், அதாவது பணம் எல்லாம் போட்ட பிறகு, மானியம் நின்றுவிடும். எனவே பெயர் மாற்றம்தான் முதல் வேலை. வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஒப்புதல் கடிதம், வீட்டு வரி ரசீது ஆகியவற்றுடன் பிரிவு அலுவலகத்தில் கொடுத்து, புதிய பெயரில் ஒரு பில் வந்த பிறகு விண்ணப்பத்தைத் தொடங்குங்கள். பாகப்பிரிவினை முடியாத வீடாக இருந்தால் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை எல்லோரிடமும் கூரையைப் பயன்படுத்தச் சம்மதம் என்று எழுதி வாங்கிக்கொள்வது பின்னால் வரும் மனக்கசப்பைத் தடுக்கும். இன்னொன்று: முன்பக்கத் திண்ணையைக் கடையாக்கி, ஒரே மீட்டரை வணிக விகிதத்துக்கு மாற்றியிருந்தால் அந்த இணைப்புக்கு மானியம் இல்லை. வீட்டு விகிதத்தில் தனி இணைப்பு வேண்டும்.

பழைய வீட்டின் பில்லில் அனுமதிக்கப்பட்ட மின்பளு 1 கிலோவாட் அல்லது அதற்கும் கீழே இருக்கும். போடப் போகும் திறனுக்கு அது போதுமா என்று மின்வாரிய உதவிப் பொறியாளர் (ஏ.ஈ.) அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர் நாற்பது வருஷம் பழையது என்றால் இந்தச் சாக்கில் அதையும் மாற்றிவிடுங்கள்.

இப்போது கூரை.

மங்களூர் ஓட்டுக் கூரை பேனல் எடையைத் தாங்காது என்று சொல்வது பாதி உண்மைதான். மங்களூர் ஓடு சதுர மீட்டருக்கு 40 கிலோவுக்கு மேல் எடை. பேனலும் சட்டமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு 15 கிலோ. ஏற்கெனவே 40 கிலோவைச் சுமந்து நிற்கும் நல்ல கைமரம் இன்னும் 15ஐச் சுமக்கும். உண்மையான பயம் காற்று. ஆடிக்காற்று பேனலுக்கு அடியில் புகுந்து மேலே தூக்கும். எடை கீழே அழுத்துகிறது, காற்று மேலே பிடுங்குகிறது. அந்த இழுப்பு முழுவதும் பேனல் சட்டத்தைக் கூரையோடு பிடிக்கும் கொக்கி மாட்டிய இடத்தில் போய் விழுகிறது. அந்த இடம் ரீப்பராக (ஓடு உட்காரும் மெல்லிய குறுக்குச் சட்டம்) இருந்தால் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு போகும். கொக்கியைக் கைமரத்தில்தான் மாட்ட வேண்டும், ரீப்பரில் ஒருபோதும் கூடாது. வேலைக்காரர் வேகத்தில் ரீப்பரில் முடுக்கிவிட்டுப் போய்விடுவார், கீழிருந்து பார்த்தால் தெரியாது. மேலே ஓடு போட்டு மூடுவதற்கு முன் ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள்.

கொக்கி துருப்பிடிக்காத எஃகு 304 தரத்தில், 5 மில்லிமீட்டருக்குக் குறையாத பட்டையாக இருக்க வேண்டும். கொக்கியின் கழுத்து கீழ் ஓட்டின் மேல் உட்காரக் கூடாது. ஓரிரு மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். உட்கார்ந்தால் காற்றில் பேனல் அசையும்போதெல்லாம் ஓடு நெரிந்து, ஒரு வருஷத்துக்குள் விரிசல் விடும். மேல் ஓட்டின் அடிப்பகுதியில் கொக்கி வெளியே வர வழிவிட்டுக் கிரைண்டரால் ஒரு சின்ன வெட்டு எடுக்க வேண்டும். சுத்தியலால் தட்டி உடைத்து வழி செய்தால் அந்த ஓடு தண்ணீர் உள்ளே விடும். ஓட்டுக்கும் பேனலுக்கும் நடுவில் நான்கு முதல் ஆறு அங்குலம் காற்றோட்டம் விடுங்கள். பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடேறும் ஒவ்வொரு டிகிரிக்கும் மூன்றில் ஒரு சதவீத உற்பத்தியை இழக்கும். ஓசூர், தளி மேட்டுப் பகுதிக்கு இது அவ்வளவு உறைக்காது. அரூர், காரிமங்கலம் வெயிலுக்கு உறைக்கும்.

கைமரத்தைச் சோதிப்பது வீட்டுக்காரரே செய்யக்கூடியது. கூர்மையான ஸ்குரூடிரைவர் ஒன்று போதும். கைமரம் சுவரில் உட்காரும் முனை, கூரை உச்சியிலுள்ள மோட்டு வளையில் சேரும் முனை, ஓடு ஒழுகிக் கறை படிந்த இடம் ஆகிய மூன்றிலும் குத்திப் பாருங்கள். கால் அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்த மரம் வேண்டாம். தட்டினால் கணீரென்று கேட்க வேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே கரையான் தின்றிருக்கிறது. பனைமரத்தில் செய்த கைமரமான பனங்கைக்கு வெளிப்பக்கம்தான் வைரம், நடுப்பக்கம் சோறு. அதில் திருகு இறக்கும்போது வைரப் பகுதியில் பிடிக்கும்படி பக்கவாட்டில் இரும்புப் பட்டை வைத்து போல்ட் போடுவதுதான் சரி. நேராக மேலிருந்து முடுக்கினால் பிளந்துவிடும்.

நாட்டு ஓட்டுக் கூரைக்குக் கொக்கி முறை வேலைக்கு ஆகாது. அதன் ஓடுகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்வதில்லை, ஆள் ஏறினாலே சரியும். அந்த வீடுகளுக்கு வேறு வழி கீழே சொல்கிறோம்.

வேலை ஆரம்பிக்கும் முன் உதிரி ஓடு குறைந்தது ஐம்பது கையில் இருக்கட்டும். ஏறி இறங்குவதில் உடையும். பழைய ஓட்டின் பின்பக்கம் பதித்திருக்கும் முத்திரையைப் பாருங்கள். ஒவ்வொரு பழைய ஆலையின் ஓட்டுக்கும் பூட்டுவாய் அளவு கொஞ்சம் மாறும். கடையில் கிடைக்கும் புது ஓடு பார்க்க ஒன்றுபோலவே இருந்தாலும் பக்கத்து ஓட்டின் வாய்க்குள் உட்காராது, அரை விரல் தூக்கிக்கொண்டு நிற்கும், மழை அந்த வழியாகத்தான் வரும். பழைய வீடு இடிக்கும் இடத்தில் அதே முத்திரை ஓட்டைத் தேடி வாங்குவதே நல்லது.

மெட்ராஸ் டெரஸ் வீடுகள் இன்னும் கவனம் கேட்பவை. மரக்கட்டைகளின் மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கி, அதன் மேல் சுண்ணாம்பு ஜல்லி, அதன் மேல் தட்டு ஓடு. இந்தத் தளத்தில் டிரில் போட்டு ஆங்கர் போல்ட் முடுக்குவதைவிடக் கெட்ட காரியம் இல்லை. கான்கிரீட்டைக் கவ்வுகிற போல்ட் சுண்ணாம்பைக் கவ்வாது, அதை நொறுக்கி வழிவிட்டுக்கொள்ளும். அதைவிட மோசம், துளை வழியாக இறங்கும் தண்ணீர் செங்கலில் ஊறி மரக்கட்டையின் மேல்முகத்தில் தேங்கும். கீழே சுண்ணாம்பு அடித்த உட்கூரையில் ஒன்றும் தெரியாது. கறை தெரியும்போது கட்டை மேல்பாதி உளுத்திருக்கும்.

"டிரில் வேண்டாம், கான்கிரீட் கட்டை வைத்து நிறுத்திடலாம்" என்பார்கள். அதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் அடிக்கு ஓர் அடிக்கு ஓர் அடி கான்கிரீட் கட்டை ஒன்று 68 கிலோ. எட்டுக் கட்டை வைத்தால் 540 கிலோ. ஆறு பேனல் 170 கிலோ, சட்டம் 120 கிலோ. மொத்தம் 830 கிலோ, அதுவும் எட்டுப் புள்ளிகளில். நூறு வருஷக் கட்டைக்கு நடுவில் இது விழக் கூடாது.

சரியான வழி, சுமையைத் தளத்தில் வைக்காமல் சுவரில் இறக்குவது. பழைய வீட்டுச் சுவர் ஒன்றரை அடி, இரண்டடி கனம். எதிரெதிர்ச் சுவர்களின் தலையில் ஓர் அடிச் சதுரத்துக்கு மூன்று அங்குலக் கனமுள்ள கருங்கல் பலகையைச் சுண்ணாம்புக் கலவையில் பதித்து, அதன் மேல் இரும்புச் சேனலைச் சுவருக்குச் சுவர் போட்டு, அதன் மேல் பேனல் சட்டத்தை ஏற்றுங்கள். கருங்கல்லுக்கு நம் மாவட்டங்களில் பஞ்சம் இல்லை. பலகை எதற்கென்றால், மண் சாந்தில் கட்டிய சுவரில் சேனல் நேரடியாக உட்கார்ந்தால் அந்தப் புள்ளியில் சுவர் நொறுங்கும். பலகை சுமையைப் பரப்பிவிடும். தளத்துக்கும் சேனலுக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி விடுங்கள், தளம் தொய்ந்தாலும் உரசாது, பெருக்கிக் கழுவவும் வழி இருக்கும். காற்று தூக்காமல் இருக்க, சேனலின் முனைகளைச் சுவரின் வெளிப்பக்கம் இறங்கும் பட்டையால் சில அடி கீழே கட்டுவது அவசியம். சேனலின் அளவை அறையின் அகலம் பார்த்துப் பொறியாளர் சொல்லட்டும். இரும்பு எல்லாம் 80 மைக்ரான் கனத்தில் சூடான துத்தநாகக் குளியல் பூச்சாக இருக்கட்டும், வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் பூச்சு எரிந்து துரு அங்கிருந்து தொடங்கும். அதனால் போல்ட் இணைப்பாகவே கேளுங்கள்.

இந்தச் சேனலுக்கும் கருங்கல்லுக்கும் ஆகும் செலவைக் கம்பெனி விலைப்புள்ளியில் தேடாதீர்கள், இருக்காது. தனிச் செலவு என்று ஒதுக்கி வையுங்கள். தளத்தில் ஏற்கெனவே விரிசல் இருந்தால் பேனல் வருவதற்கு முன் மூடிவிடுங்கள், பேனல் போட்ட பிறகு கை போகாது. சிமென்ட் வைத்து மூடக் கூடாது. சுண்ணாம்புத் தளம் வெயிலில் விரிந்து குளிரில் சுருங்கும், சிமென்ட் அப்படியே விறைத்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் மயிரிழை விரிசல் விட்டு, மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கும், அது வெளியேற சிமென்ட் விடாது. நன்றாக நீர்த்துப் புளித்த சுண்ணாம்பு ஒரு பங்கு, செங்கல் தூளும் மணலும் கலந்து இரண்டு பங்கு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்து, விரிசலை முதலில் நனைத்துவிட்டுப் பூசி, ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரமாவது காய விடாமல் வைக்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் உலர விட்டால் மறுபடியும் வெடிக்கும்.

நாட்டு ஓட்டு வீடு, கைமரம் உளுத்த வீடு, கல் பலகைக் கூரை வீடு, இவற்றுக்கு எங்கள் முதல் பரிந்துரை கூரையையே விட்டுவிடுவது. திட்ட விதியில் கூரை, மாடி, பால்கனியோடு உயர்த்திக் கட்டிய சட்டத்தையும் ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். புறக்கடையில் இரும்புக் கால் நட்டு, எட்டடி உயரத்தில் பேனலைக் கூரைபோல் நிறுத்தினால் கீழே வண்டி நிற்கும், மாடு கட்டலாம், துணி காயும். மூன்று கிலோவாட்டுக்குப் பேனல் பரப்பு மட்டும் 170 சதுர அடி, நடக்க வழியோடு 300 சதுர அடி ஒதுக்குங்கள். தெற்கு பார்த்து 12 டிகிரி சாய்வு. பேனலைக் கழுவவும் ஏணி போதும், வீட்டுக்கூரை மேல் ஆள் ஏறவே வேண்டாம். நல்ல கூரையுள்ள வீட்டுக்காரர்களும் கொல்லையில் இடமிருந்தால் இதையே செய்யலாம். புறக்கடையில் மாமரமோ தென்னையோ இருந்தால் மட்டும் யோசியுங்கள். தொடராக இணைத்த ஆறு பேனலில் ஒன்றின் மேல் மட்டை நிழல் விழுந்தாலே மற்றவையும் சேர்ந்து குறையும். அதற்காக மரத்தை வெட்டாதீர்கள், பேனலை நகர்த்துங்கள்.

ஓட்டுக் கூரையிலேயே போடுவதென்றால் தெற்குச் சரிவு முதல் தேர்வு. வடக்கு தெற்காக ஓடும் தெருவில் வீட்டுச் சரிவு கிழக்கும் மேற்குமாக இருக்கும், அதனால் பெரிய நஷ்டம் இல்லை. இரண்டு பக்கமும் பிரித்துப் போடும்போது இரண்டு தனித்தனி உள்ளீடு உள்ள இன்வெர்ட்டராக இருக்க வேண்டும் என்பதை மட்டும் பாருங்கள். வடக்குச் சரிவில் போடவே வேண்டாம்.

ஒயரிங்கில் பழைய வீட்டுக்கென்று ஓர் ஆபத்து உண்டு. ஆறு பேனல் தொடரில் 300 வோல்ட் டி.சி. இருக்கும். வெயில் இருக்கும்வரை அதை எந்தச் சுவிட்சும் பேனலிலிருந்து நிறுத்தாது. இணைப்பு தளர்ந்து பொறி பறந்தால் ஏ.சி. மின்சாரம்போல் தானாக அணையாது, எரிந்துகொண்டே இருக்கும். காய்ந்த மரமும் பரண் தூசியும் பக்கத்தில் இருக்கும் வீட்டில் இது விளையாட்டில்லை. டி.சி. கேபிள் பரணுக்குள்ளோ கைமரத்தின் ஓரமாகவோ போகக் கூடாது, எலியும் கடிக்கும். கூரை விளிம்பிலிருந்து நேராக வெளிச்சுவரில் குழாய்க்குள் இறக்கி, வெளியிலேயே இன்வெர்ட்டருக்குப் போக வேண்டும். பேனல் கேபிள்களைச் சேர்க்கும் எம்.சி.4 இணைப்பிகளின் ஆண் முனையும் பெண் முனையும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும், வெவ்வேறு கம்பெனி முனைகள் மாட்டிக்கொண்டாலும் உள்ளே சரியாகத் தொடாமல் சூடேறும். கிருஷ்ணகிரிக் கோட்டை மலை அடிவாரத்தில் குரங்குத் தொல்லை உள்ள தெருக்களில் பேனலுக்கு அடியில் தொங்கும் கேபிளைப் பிளாஸ்டிக் டையால் கட்டாமல் எஃகு கிளிப்பால் சட்டத்தோடு இறுக்குங்கள்.

எர்த் குழி மூன்று வேண்டும்: டி.சி., ஏ.சி., இடிதாங்கி என்று தனித்தனியாக. கிருஷ்ணகிரி மண்ணில் மூன்றடியில் பாறை முட்டும். அரைக் கம்பியை வெட்டி ஊன்றிவிட்டு மூடிவிடுவார்கள். மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள், 5 ஓமுக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் ரசாயனக் கலவை நிரப்பிய எர்த் போட வேண்டும், அல்லது குழியை ஈரம் நிற்கும் கிணற்றடிப் பக்கம் மாற்ற வேண்டும். இடிதாங்கிக் கம்பத்தை மோட்டு வளையில் மாட்டக் கூடாது, தனிக் கம்பமாக நடுங்கள்.

கோட்டைகளுக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கு ஒரு தனிப் பத்தி. கிருஷ்ணகிரிக் கோட்டையும் இராயக்கோட்டைக் கோட்டையும் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை. தொல்சின்னங்களைக் காக்கும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு 2010ல் வந்த திருத்தப்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் தடைப் பகுதி, அதற்கு மேல் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. நீளவாக்கிலோ உயரவாக்கிலோ கட்டடத்தோடு சேர்க்கும் எதையும் சட்டம் கட்டுமானம் என்றே சொல்கிறது. ஆகவே மாடி மேல் உயர்த்திய சட்டம் நிறுத்தும் முன் அனுமதி கேட்பதுதான் பாதுகாப்பு. தடைப் பகுதியில் 1992 ஜூன் 16க்கு முன்பிருந்தே இருக்கும் வீடென்றால் பழுதுபார்க்க, புதுப்பிக்க உரிய அதிகாரியிடம் விண்ணப்பிக்கலாம் என்று அதே சட்டம் வழி கொடுத்திருக்கிறது. பழைய வீட்டு வரி ரசீதும் பத்திரமும் இதற்குச் சாட்சி, தூக்கிப் போடாதீர்கள். பேனல் கம்பெனிக்காரருக்கு இந்தச் சட்டம் பெரும்பாலும் தெரியாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே தூரத்தை அளந்து பாருங்கள்.

பழமையைக் காக்கத் தனியாக மானியம் இல்லையா என்றால், வழிபாட்டு இடங்களுக்கு உண்டு. கிராமக் கோயில்கள், ஆதிதிராவிடர் குடியிருப்புக் கோயில்களின் திருப்பணிக்கு அறநிலையத் துறை நிதி தருகிறது. தேவாலயங்களைப் பழுதுபார்க்க, கட்டடத்தின் வயதைப் பொறுத்து 10 லட்சம், 15 லட்சம், 20 ஆண்டுக்கு மேற்பட்டதென்றால் 20 லட்சம் வரை அரசு கொடுக்கிறது. ஆனால் அந்த மின் இணைப்புகள் வீட்டு வகை இல்லாததால் சூரிய வீடு மானியம் அங்கே பொருந்தாது. அரசுத் திட்டத்தில் 2000-01க்கு முன் கட்டிய ஊரகத் தொகுப்பு வீடுகளுக்கு மாநில அரசின் பழுதுபார்ப்புத் திட்டம் இருக்கிறது. சொந்தமாகக் கட்டிய நூறு வருஷ வீட்டுக்காரருக்குத்தான் இரண்டு பக்கமும் எதுவும் இல்லை. இது திட்டத்தின் உண்மையான குறை. 78,000 ரூபாயில் ஒரு சின்னப் பங்கையாவது கூரை மரத்தைச் சீர்படுத்தச் செலவிடலாம் என்று விதியில் இருந்தால், பேனல் போடுவதற்காகவே ஓட்டைப் பிரித்துத் தகரம் போடுகிற வேலை குறையும். தகரம் போட்ட வீட்டில் ஏ.சி. வரும், ஏ.சி. வந்தால் பேனல் கொடுத்த மின்சாரம் முழுவதும் அதற்கே போகும்.

பேனல் போட்ட பிறகு பராமரிப்பு பெரிதில்லை. பதிவு செய்த கம்பெனி ஐந்து வருஷம் பராமரித்துத் தர வேண்டும், ஒப்பந்தத்தில் அது எழுத்தில் இருக்கட்டும், ஓடு உடைந்தால் யார் மாற்றுவது என்பதும் அதிலேயே இருக்கட்டும். கிரானைட் அறுக்கும் பட்டறைகள் உள்ள பக்கம் தூசி மாவுபோல் படியும், பதினைந்து நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைப் படலம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு போகவே போகாது. மழைநீரோ ஒகேனக்கல் குடிநீரோ பயன்படுத்துங்கள், விடியற்காலையில் கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது. விறகடுப்புப் புகை ஓட்டு வழியாக வெளியேறும் வீடென்றால் அந்தச் சமையலறைக்கு மேல் பேனல் வைக்காதீர்கள்.

கூரை வேலையைத் தை முதல் பங்குனிக்குள் முடித்துவிடுவது உத்தமம், ஆடிக்காற்றுக்கு முன் எல்லாக் கொக்கியையும் ஒருமுறை இறுக்கிப் பார்க்கவும் நேரம் கிடைக்கும். முதல் பெருமழை பெய்த அன்றே டார்ச் எடுத்துக்கொண்டு பரணில் ஏறி, ஒவ்வொரு கொக்கிக்கும் அடியில் கைமரத்தைத் தொட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுகிற இடத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டுத் தேதி எழுதி, படம் எடுத்துக் கம்பெனிக்கு அனுப்புங்கள். அந்த இடத்து ஓடுகளை மாற்றிவிட்டு, அடுத்த மழைக்கும் அதே வட்டத்தைப் போய்ப் பாருங்கள்.